நோட்டில் இல்லாத சுவடி

நூலகத்து மேல் அலமாரியில் ஓர் ஓலைச்சுவடி இருந்தது. கரையான் பக்கத்து அலமாரிவரை வந்துவிட்டது. அது இங்கே வருவதற்குள் யாராவது தன்னைப் படித்துவிட வேண்டுமே என்று சுவடிக்குத் தவிப்பு.

ஒருநாள் ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மா அந்தச் சுவடியைத்தான் கேட்டு வந்தார்.

"அது காணாமப் போய் இருபது வருஷம் ஆச்சும்மா" என்றது பட்டியல் நோட்டு.

"ஐயோ, இங்கேதான் இருக்கேன்!" என்று கத்திக்கொண்டே சுவடி அவர் காலடியில் குதித்தது.

நோட்டு அதை மேலும் கீழும் பார்த்தது. "காணவில்லைன்னு எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கு. அப்போ நீ வேற யாரோ. ஏறு மேலே!"

அவ்வளவு படித்த அந்த அம்மாவும் நோட்டைத்தான் நம்பினார். சுவடியை எடுத்துப் பத்திரமாக மேலே வைத்துவிட்டுப் போனார்.

கரையானுக்கு ஒரே குஷி. "காணாமப் போனதைத் தின்னா யாரு கேக்கப் போறாங்க?" என்று முதல் ஓலையில் வாய் வைத்தது.