வெறுந்தொட்டில்

அரசு ஆஸ்பத்திரி வாசல் வராந்தாவில், ஃபேனுக்குக் கீழே இருந்த தொட்டிலில் துண்டோடு பிள்ளையைப் போட்டுவிட்டு, அழாமலிருக்க மேகலா லேசாக ஆட்டினாள். சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிட்டால் மில் விடுதிக்குத் திரும்பிவிடலாம். நாளைக்கு ஷிஃப்டில் நின்றால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

உள்ளிருந்து நர்ஸ் வந்தாள். “பயப்படாதம்மா, யாரு எவருன்னு கேக்க மாட்டோம். அரசாங்கமே வச்ச தொட்டில்தான். இங்க விட்டா குத்தமில்ல. மனசு மாறினா வந்து கேக்கவும் சட்டத்துல வழி இருக்கு.”

“மாறாதுக்கா. இனி எனக்கும் அதுக்கும் ஒண்ணுமில்ல,” என்றாள் மேகலா.

நர்ஸ் தலையசைத்துவிட்டு, எடை பார்க்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். மேகலாவின் கை தொட்டிலை விடவில்லை. அது பாட்டுக்கு ஆட்டிக்கொண்டே இருந்தது.

“வெறுந்தொட்டில ஆட்டாத தாயி. பிள்ளைக்கு வயித்த வலிக்கும்பாங்க,” என்றாள் நர்ஸ்.

மேகலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆடிக்கொண்டிருந்த தொட்டிலை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து நிறுத்தினாள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. கையை எடுத்தால் ஃபேன் காற்றுக்கே ஆடிவிடுமோ என்று அவள் பிடியைத் தளர்த்தவில்லை. பஸ் கிளம்பி, வளைவில் திரும்பி, சத்தம் தேய்ந்து போயிற்று.

“கொஞ்ச நேரம்தான ஆட்டினேன். வலிக்காதுல்லக்கா?”

நர்ஸ் பிள்ளையைத் தோளில் சாய்த்தபடியே, சுவரோரம் கிடந்த ஸ்டூலைக் காலால் நகர்த்தி அவளுக்குப் பின்னால் போட்டாள்.