கதவு எண்ணிய வணக்கம்

அலுவலகக் கதவு இப்போது அட்டைக்குத் திறப்பதில்லை. வருகிறவர் துப்புரவு வேலை செய்யும் பேச்சியம்மாவுக்குப் பெயர் சொல்லி வணக்கம் வைக்க வேண்டும். அவள் சிரிக்க வேண்டும். பிறகுதான் திறக்கும். சக ஊழியருக்கு மரியாதை, மேலிடத்து ஏற்பாடு.

நானூறு பேருக்குச் சிரித்து முடிக்கப் பத்து மணியாகிவிடும். அதன் பிறகே வாளியைத் தூக்குவாள். வணக்கம் வைத்தவர்கள் அவள் துடைத்த ஈரத்தின் மேலேயே செருப்போடு டீ குடிக்கப் போவார்கள்.

நேற்று எலக்ட்ரீஷியன் இருதயராஜ் மட்டும் ஏணியைத் தோளில் சுமந்தபடி, தரை காயும்வரை ஓரமாக நின்றான். ஏணிக்காகப் பின்வாசல் வழியே வந்தவன். அவன் வணக்கம் பதிவாகவில்லை.

இன்று காலை கதவு அவனைப் பிடித்துக்கொண்டது. அவமதிப்புக்குத் தண்டனை, ஐம்பது வணக்கம்.

"வணக்கம் பேச்சியம்மா," என்றான் பன்னிரண்டாவது தடவையாக. குரல் கம்மிவிட்டது.

"போதும் விடு தம்பி. எனக்குத் தாடையே வலிக்குது."

"நீங்க சிரிச்சாத்தான்க்கா அது எண்ணும்."

பேச்சியம்மா துடைப்பக் கட்டையில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"பன்னிரண்டு," என்றது கதவு.

பின்னால் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சீக்கிரம் சிரிச்சுத் தொலையேம்மா, நேரமாகுது!"