கரையில் ஒதுங்கியது

படகோட்டி புகைப்படத்தை வாங்கி, வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்தான். தங்கை அதைக் கைக்குட்டையில் சுற்றித் தோள்பையின் உள்ளறையில் பத்திரப்படுத்தினாள்.

காலையிலிருந்து இது மூன்றாவது படகு. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்க்கும் தலைமையாசிரியை அவள். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடல் தாண்டி வந்ததே தங்கையைக் கையோடு அழைத்துப் போகத்தான். தங்கையோ, வந்த நாள் முதல் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தங்கையின் கணவர் இந்தத் தீவின் மின்நிலையத்தில் என்ஜினியர். இரண்டு வருடம் முன்பு தூண்டிலோடு பாறைக்குப் போனவர் திரும்பவில்லை. செருப்பு கிடைத்தது, தூண்டில் பெட்டி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அலை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று எழுதிப் போலீஸ் கோப்பை மூடிவிட்டது.

தங்கை மட்டும் விடுவதாக இல்லை. கடற்பறவைகளின் கூடுகளை எண்ணும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நாள் தவறாமல் இந்தக் கரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

கரை என்றால் மணல் கிடையாது. என்றைக்கோ எரிமலை கக்கிய குழம்பு கடல்வரை ஓடிவந்து இறுகிப்போன கரும்பாறை; விளிம்பெல்லாம் உடைந்த கண்ணாடி மாதிரி. வெடிப்புகளிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு ஆவி கிளம்பியது. பாறைக்கு அடியில் புகுந்த அலை ஏதோ ஒரு பொந்து வழியாகத் தென்னை உயரத்துக்குப் பீறிட்டு, அக்காவைத் தொப்பலாக நனைத்துவிட்டுப் போனது.

கூடுகளை நெருங்கியதும் ஒரு வெள்ளைப் பறவை நேராக அவள் தலைக்குப் பாய்ந்தது. கொத்து பலமாகவே விழுந்தது. தங்கை திரும்பிக்கூடப் பார்க்காமல் நோட்டில் முப்பத்து நாலாவது கூட்டைக் குறித்துக்கொண்டாள்.

"குனிஞ்சு வா. இது அதோட வீடு," என்றாள்.

அதற்கு மேல் அக்காவால் பொறுக்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று, ஊரே இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்கிறது, போனவர் போட்டோவைத் தூக்கிக்கொண்டு படகு படகாக ஏறி இறங்கினால் ஆயிற்றா என்று பொரிந்து தள்ளினாள்.

தங்கை நின்றாள். "கல்யாணமான ஆறாம் மாசம் நான் போன் பண்ணேன். அங்க வந்துடட்டுமான்னு கேட்டேன். நீதான் வேண்டாம்னே."

"அது வீட்டு ஞாபகம்டி. புது எடம், பாஷை தெரியாது. எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதான்."

"அப்ப கூப்பிடல இல்ல? இப்பவும் கூப்பிடாதே."

சொல்லி முடிக்கும்போதே அவள் பார்வை அக்காவின் தோளைத் தாண்டிப் போய் நிலைத்தது. கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவே, நீளமாக, கறுப்பாக ஏதோ ஒதுங்கிக் கிடந்தது. மேலெல்லாம் பாசி மூடியிருந்தது.

நோட்டு எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை. ஓடினாள், வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். இரண்டு கையாலும் பாசியைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். அக்கா மூச்சிரைக்க இறங்கி வருவதற்குள் பாசி விலகி, மீசையோடு ஒரு மூக்கு தெரிந்தது.

செத்துப்போன கடல்நாய்.

தங்கை அப்படியே பாறையில் சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கணவர் காணாமல் போன செய்தியைப் போனில் சொன்ன அன்றுகூட அவள் குரல் உடையவில்லை. இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் அடைத்து வைத்ததெல்லாம் இன்றைக்குக் கொட்டுகிறது என்று அக்கா நினைத்தாள்.

அவள் கோபமெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தம் கசியும் அந்தக் கைகளைத் துப்பட்டாவால் ஒற்றிவிட்டாள். இவ்வளவு ஆசையோடு காத்திருப்பவளையா இத்தனை நாளும் திட்டினோம் என்றிருந்தது. ஊருக்குக் கூப்பிடுகிற பேச்சை அந்த நிமிடமே விட்டுவிட்டாள்.

"அழாதேடி. இது அவர் இல்லையே. ஆள் கிடைக்கலைன்னா உயிரோட இருக்கார்னுதானே அர்த்தம்? என்னைக்காவது ஒருநாள் வாசல்ல வந்து நிப்பார் பாரு."

தங்கையின் அழுகை சட்டென்று நின்றது. கைகளை உருவிக்கொண்டு, மேலே சாலையை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பயத்துலதான்க்கா தேடுறேன்."