எந்த முட்டி?

“‘உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல, எழுந்தா உட்கார முடியல.’ காலையிலிருந்து இது எத்தனாவது தடவைங்க?”

“வலிக்கிறவனுக்குத்தானே தெரியும்” என்றார் கணவர், இடது முட்டியைத் தடவிக்கொண்டே.

“நேத்து வலது முட்டின்னீங்க.”

“வலதா?” கை அவசரமாக இடம் மாறியது. “இதுவும்தான்.”

“அது முட்டி வலியா, வாடகைக்குக் குடியிருக்கிற ஆளா? நாளுக்கொரு வீடு மாறுது!”

மனைவிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போன வாரம்தான் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, “மூட்டுல தேய்மானமே இல்லை. இன்னும் இருபது வருஷம் ஓடும்” என்றார். டாக்டர் சொன்னதை மெய்யாக்க வேண்டாமா? வெளியே வந்த மனுஷன், கிளம்பிய பஸ்ஸை ஓடிப் போய்ப் பிடித்தார்.

ஆனால் வீட்டில் முட்டி வைத்ததுதான் சட்டம். படுக்கையறை மாடியிலிருந்து கீழே வந்தது. கால் தடுக்கும் என்று கூடத்துக் கம்பளம் சுருண்டது. எட்டி எடுக்க முடியவில்லையாம், பரணிலிருந்த டப்பாக்களெல்லாம் கீழ்த்தட்டுக்கு இறங்கின. அடுப்படிப் பக்கமே வராதவருக்கு டப்பா எதற்கு?

இன்று குளியலறைக்குக் கைப்பிடி. பிளம்பர் உள்ளே சுவரைக் குடைந்துகொண்டிருந்தார்.

“கம்பியைப் பிடிச்சுக் குளிக்கிற வயசா இது? வர்றவங்க என்னைத்தான் கிழவின்னு நினைப்பாங்க.”

“நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். ஆமா, உன் எலும்பு ஸ்கேன் என்னாச்சு?”

போன வருஷம் லேசாக வழுக்கிக் கை ஊன்றியதற்கே அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. அதற்காக எடுத்த ஸ்கேன்.

“எல்லாம் நார்மல்னு அன்னிக்கே சொன்னேனே! பேச்சை மாத்தாதீங்க.”

“சார், திருகு ரெண்டு குறையுது” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“இதோ!” என்றவர், வாசல்படி மூன்றையும் ஒரே தாவலில் தாண்டித் தெருவில் மறைந்தார்.

“பார்த்தீங்களா, வலிக்கிற லட்சணத்தை!” என்றபடி குளியலறைக்குள் போனவள், கம்பியைப் பார்த்துக் குழம்பிப் போனாள்.

“என்னங்க இது, இவ்வளவு தாழ்வா? ஆறடி மனுஷன் இதைப் பிடிக்கக் குனிஞ்சா நிஜமாவே இடுப்பு போயிடும்!”

“நானும் சொன்னேம்மா. சார் கேட்கல. நீங்க கடைக்குப் போனப்ப உங்க நைட்டியைச் சுவர்ல வச்சுப் பிடிச்சு, ‘அவ கை இவ்வளவு தூரம்தான் வரும்’னு கோடு போட்டதே அவர்தான். வலது கை முறிஞ்ச கையாம், இடது பக்கம் போடச் சொன்னார்.”

அவள் நேரே பீரோவுக்குப் போய், அடித்தட்டுப் புடவைகளுக்குக் கீழே கையை விட்டாள். ஒளித்துவைத்த கவர் வைத்த இடத்திலேயே இருந்தது. பிரித்தாள்.

‘எலும்பு அடர்த்தி மிகவும் குறைவு. கீழே விழாமல் பார்த்துக்கொள்ளவும்.’

‘விழாமல்’ என்ற சொல்லுக்குக் கீழே பென்சில் கோடு. அவர் குறுக்கெழுத்து போடும் அதே பென்சில்.

திரும்பி வந்தபோது பிளம்பர் கை கழுவப் பின்பக்கம் போயிருந்தார். இடது கையை நீட்டினாள். தேட வேண்டியிருக்கவில்லை, கம்பி தானாகக் கைக்குள் வந்து உட்கார்ந்தது.

அதைப் பிடித்தபடியே, கூடத்தில் காலியாகக் கிடந்த அவர் நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்:

“ஏங்க... இனிமே வலது முட்டின்னே வச்சுக்குங்களேன். எனக்கும் குழம்பாம இருக்கும்.”