நாற்பத்திரண்டாவது மாமா

"டீச்சர், இந்த ஆளு மாமா கிடையாது."

கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான் மணிவேல். எழிலரசிக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷம் உட்கார்ந்து, இங்கிலீஷ் வழியாக அவள் தமிழுக்குக் கொண்டுவந்த சீனக் கதை. அவளுடைய முதல் புத்தகம். நாலு மணிக்குள் ஃபைல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இப்போது மணி மூன்று.

"பக்கம் அமைச்சுக் குடுங்கன்னா கதையைத் திருத்துறீங்களா?"

"படிக்காம எப்படிப் பக்கம் அமைக்கிறது?"

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மணிவேலின் டைப்பிங் கடை. திங்கட்கிழமை என்றால் மனு அடிக்க வந்த கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். இன்று வியாழன், ஈ காக்கை இல்லை. அவன் மனைவி கஸ்தூரி கட்டிக்கொடுத்த புளிசாதத்தில் பாதி, காலேஜில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்த எழிலரசியின் வயிற்றுக்குள் போயிருந்தது.

"இங்கிலீஷ்ல அங்கிள்னு இருந்துச்சு, மாமான்னு போட்டேன். இதுல என்ன தப்பு?"

"அங்கிள்னா பெரியப்பாவும்தான், சித்தப்பாவும்தான். பாருங்க, அப்பன் செத்த பொண்ணு. இந்த ஆளு பள்ளிக்கூடத்துக்கே வந்து, 'படிச்சது போதும், மாப்பிள்ளை பார்த்தாச்சு, கிளம்பு'ங்கறான். அவளும் தலையைக் குனிஞ்சிக்கினு பின்னாடியே போறா. மாமன்கிட்ட எந்தப் பொண்ணு தலையைக் குனிவா? புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னுடுவா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அனுபவந்தான்" என்றான் மணிவேல்.

எழிலரசி காதில் விழாதவள்போல் திரும்பிக்கொண்டாள். கையில் இருந்த பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

"இன்னொண்ணு டீச்சர். மாமான்னு படிச்சா நம்ம ஜனங்க என்ன நெனைப்பாங்க? சரிதான், மொறைக்காரன் வந்துட்டான், கடைசிப் பக்கத்துல கல்யாண சாப்பாடுன்னு காத்துக்கினு இருப்பாங்க. அவ எதுக்கு அழறான்னே புரியாது. உங்க எழுத்தாளர் மானம் போயிடும்."

இதுதான் அவளைச் சுட்டது. அந்த எழுத்தாளர் கௌ வென்ஷு நூறு வருஷத்துக்கு முந்திய ஆள். ராஜா கதையும் பேய்க் கதையும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் சாதாரண வீட்டுக் கதையை எழுதியவர். அந்த வீட்டு ஆட்கள் அடுப்படியில் எப்படிப் பேசுவார்களோ, என்ன முறை சொல்லிக் கூப்பிடுவார்களோ, அப்படியே எழுதியவர். அவர் போட்ட பாதையில் பின்னால் வந்தவர்கள் பெரிய பேர் வாங்கினார்கள், பாதை போட்டவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இத்தனையும் முன்னுரையில் எழிலரசி எழுதியிருந்தாள். அப்படிப்பட்டவர் கதையிலேயே முறை தப்பினால் ஊர் சிரிக்காதா?

போனை எடுத்தாள். புத்தகத்தில் இங்கிலீஷுக்கு எதிர்ப்பக்கத்தில் அச்சாகியிருந்த சீன மூலத்தைப் படம்பிடித்து, ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த சீனத்துத் தோழி லின்னுக்கு அனுப்பினாள். ஐந்தாவது நிமிஷம் லின்னே கூப்பிட்டாள். அவள் இங்கிலீஷில் படபடவென்று பேசியதன் சாரம் இதுதான்: அந்தச் சொல் அப்பாவின் அண்ணனைக் குறிப்பது, அம்மாவின் தம்பிக்கு அங்கே தனிச்சொல் உண்டு, எல்லோரையும் ஒரே சொல்லில் அடைக்கிற இங்கிலீஷ்காரர்கள் பாவம்.

எழிலரசி போனை வைத்தாள். தோற்றுப்போன வருத்தத்தைவிட, தப்பித்தோம் என்கிற சந்தோஷம்தான் அவளுக்கு ஜாஸ்தி.

"சரி, நீங்க ஜெயிச்சிட்டீங்க. பெரியப்பாதான். இப்ப அத்தனை இடத்துலயும் மாத்தணுமே, நேரம் இருக்கா?"

"ஒரே தட்டு." மணிவேல் ஒரு பெட்டியில் 'மாமா' என்றும் அடுத்ததில் 'பெரியப்பா' என்றும் அடித்து, மொத்தத்தையும் மாற்றும்படி தட்டினான். "நாப்பத்திரண்டு இடம் மாறிடுச்சு."

"நாப்பத்தொண்ணுதான். லின் கூப்பிடறதுக்குள்ள, கதையோட பிரிண்ட்ல பென்சிலால சுழிச்சு எண்ணினேன்."

மணிவேல் கீபோர்டிலிருந்து சட்டென்று கையை எடுத்தான். போன மாதம் இப்படித்தான், ஒரு பெரியவரின் காகிதத்தில் 'மனு' என்பதையெல்லாம் 'விண்ணப்பம்' என்று மாற்றப்போக, 'மனுஷன்' எல்லாம் 'விண்ணப்பம்ஷன்' ஆகிவிட்டான். கலெக்டர் ஆபீஸ் கிளார்க் கூப்பிட்டுச் சிரித்தார்.

"எங்கியோ ஒண்ணு தப்பா மாறிக்கிச்சு. இருங்க, முதல் பக்கத்துலேருந்து தேடறேன்."

"வேணாம்!" எழிலரசி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "முதல் பக்கம் வேணாம். இன்னிக்குக் காலையில வீட்டுலதான் அதை அடிச்சுச் சேர்த்தேன். அச்சாகி வந்தப்புறம் பார்த்துக்கங்க."

"தப்போட அனுப்பச் சொல்றீங்களா? நல்லா இருக்கே!"

அவள் மௌஸைப் பிடுங்குவதற்குள் அந்தப் பக்கம் திரையில் வந்து நின்றது. நடுவில் நாலே வரி. மணிவேல் வாய்விட்டே படித்தான்.

"சமர்ப்பணம். கட்டிக்க மாட்டேன் என்று நான் முகத்துக்கு நேரே சொன்ன மறுநாளே, என்னை எம்.ஏ.வில் கொண்டுபோய்ச் சேர்த்த என் பெரியப்பா மணிவேலுக்கு."

பதினைந்து வருஷமாகத் தன் சொந்த அக்கா மகளை 'வாங்க போங்க' என்றே தள்ளி நிறுத்திப் பேசிவந்த மணிவேல், கண்ணைத் துடைத்துக்கொண்டு கடை அதிரக் கத்தினான்.

"ஏய், யாருடி உனக்குப் பெரியப்பா?"