தண்ணீர் கலந்த நீலம்

ஒரு புதுக் குளியலறைக்கு அடிக்க வந்த நீலப் பெயிண்டுக்குத் தான் கெட்டி என்பதில் தலைகால் புரியாத பெருமை.

"சிமெண்ட் பூச்சு நல்லாக் காஞ்சிருச்சு. முதல் கோட்டிங்குக்கு மட்டும் கொஞ்சம் தண்ணி கலந்துக்கலாமா?" என்று பிரஷ் கேட்டது.

"நான் என்ன பாலா, தண்ணி கலக்க? இப்படியே அடி!" என்றது நீலம்.

கதவுக்குப் பின்னால் இருந்த சுவரில் பிரஷ் அப்படியே அடித்தது. சுவர் பளபளவென்று மின்னியது. ஆனால் புதுச் சுவருக்கு எப்போதும் தாகம். ஈரத்தை மட்டும் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டு, நிறத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டது. ஒரு வாளித் தண்ணீர் பட்டதும் நீலம் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு உதிர்ந்தது. துடைப்பம் வந்து அதை வாரிக்கொண்டு போனது.

டப்பாவில் மிச்சமிருந்த நீலம் எட்டிப் பார்த்துக் கேட்டது:

"ஏம்ப்பா சுவரே, என்னை உள்ளே விட்டிருக்கக் கூடாதா?"

"விடத்தான் பார்த்தேன். நீ நுழையற மாதிரியா வந்தே?"

நீலம் பிரஷ்ஷிடம், "அந்தத் தண்ணிக் குவளையை இப்படித் தள்ளு" என்றது.

இந்த முறை டப்பாவிலிருந்து கொஞ்சம் நீலம் கஞ்சித்தண்ணி மாதிரி இளகிச் சுவரில் ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்து மறைந்தது. பிரஷ் பதறிப்போய்ச் சுவரில் காதை வைத்தது.

"ஐயோ, எங்கே போயிட்டே?"

"உள்ளேதான் இருக்கேன், நல்லாப் பிடிச்சுக்கிட்டு" என்று குரல் வந்தது. "டப்பாவில இருக்கிறவனை இப்போ கெட்டியாவே வரச் சொல்லு."