மாதங்கள் எழுதும் கட்டம்

"உங்க மகளை ஏற்கெனவே வேற ஒருத்தர் தன் பிள்ளைன்னு வரிச் சலுகைக்காகப் படிவத்துல காட்டிட்டாங்க மேடம்," என்றார் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அலுவலர் ஹோலிஸ்.

அது வெர்னாவுக்குத் தெரியும். கணினியில் அனுப்பிய படிவம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. டயர் கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, நாக்ஸ்வில் நகர வரி அலுவலகத்துக்கு நாற்பது மைல் ஓட்டி வந்தது ஒரே ஒரு கேள்விக்காக.

"யாரு அது?"

"சொல்லக் கூடாது. அவங்க வந்து உங்களைப் பத்திக் கேட்டாலும் இதேதான் சொல்வேன்."

நல்ல சட்டம்தான். அடுத்த வீட்டுக் கணக்கை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதுதான்.

"அவளோட சமூகப் பாதுகாப்பு எண்ணைத் தப்பா அடிச்சிருப்பாங்களோ?"

"எண்ணும் பேரும் ரெண்டும் பொருந்தினாத்தான் கணினி ஏத்துக்கும்."

அந்த எண் உள்ள அட்டை மகள் ஷெல்பியின் பையில் இருந்தது. நீச்சல் வகுப்பில் கேட்பார்கள் என்று அதை வைத்து அனுப்பியது வெர்னாதான்.

வரிசையில் பின்னால் நின்ற தடித்த ஆள் சிரித்தான். "முன்னாள் புருஷனாத்தான் இருக்கும்மா. என் பழைய பொண்டாட்டி நாயைக்கூட விட்டுவைக்கல."

வெர்னாவின் கணவன் செத்து எட்டு வருடம் ஆகிறது.

ஹோலிஸுக்குப் பாவமாக இருந்தது. ஒரு காகிதப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். "இதுல மகளையும் காட்டி எழுதிக் கொடுங்க. அப்பத்தான் ரெண்டு பேர் வீட்டுக்கும் கடிதம் போகும், இன்னொருத்தரும் இந்தப் பிள்ளையைக் காட்டியிருக்காங்கன்னு. தப்பு பண்ணினவங்க பயந்துபோய்த் திருத்திடுவாங்க."

"அவங்க வீட்டுக்கும் போகுமா?"

"போகும். உங்க பேர் அதுல இருக்காது, கவலைப்படாதீங்க. மகள் பேர், எண், போன வருஷம் உங்ககூட எத்தனை மாசம் இருந்தா, அவ்வளவுதான்."

பெயரை எழுதினாள். எண்ணை எழுதினாள். மாதங்கள் எழுதும் கட்டத்தில் அவள் பன்னிரண்டு என்று எழுதவில்லை. ஐந்து வருடமாக எழுதிவரும் அதே இரண்டு ஆங்கில எழுத்துகளை எழுதினாள்.

ஹோலிஸ் அதைத் தலைகீழாகவே படித்தார். இருபது வருட வேலையில் அந்த எழுத்துகளை விதிப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருந்தார்.

கே.சி. என்றால், கடத்தப்பட்ட குழந்தை.

"போலீஸ்காரங்க நீதிபதி உத்தரவோட வந்தா அந்தப் பேரைக் கொடுப்பாங்க மேடம்," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"நேத்தே போனேன். பழைய கோப்பைத் தேடி எடுக்கணுமாம். கோடைக்குள்ள பாக்கலாம்னாங்க."

கடிதம் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். இப்போது பதினொரு வயதான ஷெல்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடிய மேசையில் வைத்து யாரோ அதைப் பிரிப்பார்கள். மறுநாள் அந்த வீடு காலியாகிவிடும்.

வெர்னா மீண்டும் பேனாவை எடுத்தாள். மகளின் பெயரைக் குறுக்கே அடித்தாள். பிள்ளைகள் என்ற இடத்தில் 'யாரும் இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.